ஒட்டுமா

துஸ்லா நகரின் அடியில் உப்பு இருந்தது.
தண்ணீர் விட்டுக் கரைத்து
உறிஞ்சிக்கொண்டே இருந்தார்கள்.
ஒருநாள் தெரு,
இருமி ஓய்ந்தவனின் நெஞ்சுபோல்
உள்வாங்கியது.
வீடுகள் சாய்ந்தன. கதவுகள் சாத்த மறுத்தன.
உப்பிட்டவரை மனிதர் மறக்கலாம்;
உப்பெடுத்தவரை
நிலம் மறக்கவில்லை.

அப்படிச் சாய்ந்த வீடொன்றின் படிக்கட்டிலிருந்து
அறுத்தெடுத்த கான்கிரீட்,
ஒருபக்கம் சரிவாகச் சீவியது,
ஸும்ரெதாவின் மேசையில் கிடக்கிறது.
அதன் மறுபாதியை அவள் வார்க்க வேண்டும்,
சிமெண்ட் இல்லாமல்.

சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் போட்டு
ஆயிரத்து நானூறு டிகிரிக்கு மேல் வாட்டினால்
சிமெண்ட் வரும். கூடவே,
கல்லுக்குள் கோடி ஆண்டு அடைந்துகிடந்த மூச்சும்
வெளியே போய்விடும்.
போனது வானத்தில் தங்கும், வீட்டுக்கு வராது.

அவளிடம் சூளை இல்லை.
அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஒரு வாளி;
ஏற்கெனவே வெந்தது,
இன்னொருமுறை வேக வேண்டாம்.
உப்பிலிருந்து பிரித்த காரம்.
நீர்க்கண்ணாடி, தேன்போல் வழிவது,
தேனென்று தொட்டால் தோல் உரிப்பது.
காரத்தைத் தண்ணீரில் போட்டதும்
அடுப்பில்லாமலே குடுவை கொதித்தது.

பணம் தந்தவர்களின் படிவம்
இதைப் பசுமைக் கல் என்கிறது.
நிறம் சாம்பல்தான்.
சுடாதது என்ற பொருளில் வேண்டுமானால்
பச்சை.

முதல் துண்டு இறுகவே இல்லை.
மூன்றாவது, கரண்டியோடு சேர்ந்து இறுகியது;
கரண்டி இன்னும் அதற்குள்தான்.
ஆறாவது, ஜனவரியில்,
ஹீட்டர் நின்றுபோன இரவில்,
ஈரக் களியாகவே விடிந்தது.
ஒன்பது, பத்து, பதினொன்று
அழுத்தும் முன்பே ஒட்டு விட்டுப் பிரிந்தன,
பேச்சு முறிந்த அண்ணன் தம்பிபோல்,
சத்தமே இல்லாமல்.

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது
என்று தமிழில் ஒரு சொலவடை.
ஸும்ரெதாவுக்கு அது தெரியாது.
தெரிந்திருந்தால்
எத்தனை மெகாபாஸ்கலில் ஒட்டாது
என்று கேட்டிருப்பாள்.

அழுத்தும் இயந்திரம் எஷ்ரெஃப்பின் பொறுப்பு.
அந்தப் படிக்கட்டில் மூன்றாம் மாடிவரை
சைக்கிளைத் தோளில் தூக்கி ஏறியவன்.
அதை அவன் அவளிடம் சொன்னதில்லை.

ஏப்ரலில் பதினைந்தாவது.
அறுபது டிகிரியில் ஒருநாள் முழுக்க உறங்கி எழுந்தது.
முள் ஏறியது. ஏறியது.
எஷ்ரெஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
இன்னும் ஏறியது.
பிறகு ஒரு சத்தம்,
வால்நட் உடைகிற மாதிரி.

இருவரும் குனிந்தார்கள்.
ஒட்டு அப்படியே இருந்தது.
உடைந்திருந்தது படிக்கட்டு.

ஸும்ரெதா கத்தியேவிட்டாள்,
கையுறையோடு கை தட்டினாள்.
எஷ்ரெஃப் நொறுங்கிய சல்லியை
உள்ளங்கையில் அள்ளி,
"நல்ல கான்கிரீட் இது" என்றான்.
"நல்லதுதான்" என்றாள்,
சற்றுத் தாமதித்து.

மதியம் கணக்குப் பார்த்தாள்.
நீர்க்கண்ணாடியும் ஓர் உலையில் பிறந்ததுதான்.
காரத்துக்கு மின்சாரம்,
மின்சாரத்துக்கு அதே நிலக்கரி.
கழித்தால் மிச்சம் இருக்கிறது;
படிவத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு இல்லை.
நிலையத்தை மூடினால் புதுச் சாம்பல் வராது.
மூடத்தான் வேண்டும், அவள் மகனுக்கு இழுப்பு.
பழைய சாம்பல் குளம் குளமாய்க் கிடக்கிறது,
காற்றடித்தால்
கொடியில் காயும் சட்டைகளில் வந்து உட்காருகிறது.
பதினைந்து துண்டுக்குச் செலவானது
ஒன்றரை வாளி.

ஜன்னலோரம் வைத்த உடைந்த துண்டில்
ஒரே வாரத்தில்
வெள்ளையாய் உப்புப் பூத்தது.
குறைபாடு என்று பதிவேட்டில் எழுதினாள்.
எஷ்ரெஃப் ஒரு மரக்குச்சியால் சுரண்டிவிட்டான்.
வெள்ளிக்கிழமை பார்த்தால்
மறுபடி பூத்திருக்கிறது,
கொஞ்சம்
படிக்கட்டின் பக்கத்திலும்.